ஹென்றி ராலின்ஸ் மேடையில பேசுறது: ஜோக்கே சொல்லாம இப்படி சிரிக்க வைக்கிறாரே, எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

ராத்திரிஷிஃப்ட்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை.

காலேஜ் ஹாஸ்டல்ல சீனியர் அண்ணன் ஒருத்தர், பிளாக் ஃப்ளாக்னு ஹென்றி ராலின்ஸ் பாடுன அமெரிக்க பங்க் ராக் பேண்டோட பாட்டெல்லாம் பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்தாரு. அப்ப இருந்து ஹென்றி ராலின்ஸ்னா எனக்கு மனசுல நிக்கிற உருவம் ஒண்ணுதான், சட்டை இல்லாம கறுப்பு ஷார்ட்ஸ் மட்டும் மாட்டிகிட்டு, முதுகு பூரா சூரியன் பச்சை குத்தி, கழுத்து நரம்பு புடைக்க கத்துற ஆளு, கூட்டத்துல எவனாவது சீண்டினா மேடையில இருந்து அப்படியே அவன் மேல பாஞ்சுருவாரோன்னு வீடியோ பாக்குற நமக்கே பயமா இருக்கும். அந்த மனுஷன் வயிறு வலிக்க சிரிக்க வைப்பாருன்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்கவே மாட்டேன்.

போன வாரம் நைட் ஷிஃப்ட்ல மூணு மணி வாக்குல வேலை ஒண்ணும் இல்ல, ஹெட்போன்ல பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, அது முடிஞ்சு யூடியூப்ல அடுத்தது தானா ஆரம்பிச்சிருச்சு. நரைச்ச தலை, கறுப்பு டீஷர்ட், மூச்சு விடாம பேசிட்டு இருக்காரு ஒருத்தர். பத்து நிமிஷம் கழிச்சுதான் அட இவரு அதே ராலின்ஸ்தானேன்னு உறைக்குது. அந்த ஐஸ்கிரீம் கடைக் கதைய சொல்லிட்டு இருந்தாரு. இருபது வயசுல வாஷிங்டன்ல ஹாகன் டாஸ் ஐஸ்கிரீம் கடையில மேனேஜர், உயிரா நேசிச்ச பிளாக் ஃப்ளாக்ல இருந்து நியூயார்க்குக்கு வா, பாடிக் காட்டுன்னு கூப்பிடுறாங்க, இவரு கையில இருக்கிற ஐஸ்கிரீம் கரண்டியப் பாக்குறாரு, சாக்லேட் கறை படிஞ்ச ஏப்ரனப் பாக்குறாரு, தன் வாழ்க்கை என்னவா ஆகப்போகுதுன்னு யோசிக்கிறாரு. அவ்ளோதான் கதை. அந்தக் கரண்டிய அவரு பாக்குற அந்த ஒரு செகண்டுக்கு நான் வாய் விட்டு சிரிச்சு, பக்கத்து சீட்டுல தூங்கிட்டு இருந்த பையன் எந்திரிச்சுட்டான்.

திரும்ப ஓட்டி ஓட்டி பாத்தேன். ஜோக்குன்னு தனியா எடுத்துச் சொல்ற மாதிரி அதுல ஒரு வரி கூட இல்ல. அப்ப சிரிப்பு எங்க இருந்து வருது? இவர காமெடியன்னு சொல்லலாமா கூடாதா? ஆல்பம் லிஸ்ட் பாத்தா தலை சுத்துது, எதுல ஆரம்பிக்கணும்? கேட்டவங்க யாராவது கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

கேசட்காலம்:

வாங்க தம்பி, நல்ல கேள்வி கேட்டீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன்.

நான் இவர முதல்ல பாத்தது 94, 95 வாக்குல எம்டிவில. பிளாக் ஃப்ளாக்குக்கு அப்புறம் அவரு நடத்துன ராலின்ஸ் பேண்டோட லையர் பாட்டு, உடம்பு முழுக்க சிவப்பு பெயிண்ட் அடிச்சுகிட்டு கேமரா முன்னாடி வந்து கத்துவாரு, நடுவுல போலீஸ்காரன் வேஷம், கன்யாஸ்திரி வேஷம், சூப்பர்மேன் வேஷம் எல்லாம் வரும். அப்ப எங்க தெருவுல ஒரு வீட்டுலதான் கேபிள், நாங்க நாலு பேரு அந்த வீட்டு ஹால்ல தரையில உக்காந்து பாத்தோம். அந்தப் பாட்ட இப்ப போய் கேளுங்க, பாதிப் பாட்டுக்கு அவரு பாடவே மாட்டாரு, அன்பா, தேன் ஒழுக பேசுவாரு, நீ தனியா இருக்கே, நான் இருக்கேன் உனக்குன்ற மாதிரி, அப்புறம் கோரஸ்ல மூஞ்சி மாறிடும். பேச்சுல ஆள இழுத்துட்டு வந்து சரியான இடத்துல கவுக்குற வித்தை அங்கயே இருக்கு. அந்தப் பாட்டு வெளிவரதுக்கு பத்து வருஷம் முன்னாடியே இந்த மனுஷன் மேடையில வெறும் பேச்சு பேச ஆரம்பிச்சுட்டாரு, அது எனக்கு ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஆரம்பம் 1983ல. லாஸ் ஏஞ்சலஸ்ல ஹார்வி குபெர்னிக்னு ஒருத்தர், எழுதுறவங்க, பேண்ட்ல இருக்கிறவங்கன்னு நிறைய பேர ஒரே மேடையில ஏத்தி ஆளுக்கு சில நிமிஷம் குடுத்து பேச விடுவாரு. ராலின்ஸ் அப்ப பிளாக் ஃப்ளாக்ல பாடுறாரு, நீயும் வந்து பேசு, பத்து டாலர் தரேன்னு கூப்பிட்டிருக்காங்க. பத்து டாலர்னா அன்னிக்கு அவருக்கு பெரிய காசு, அந்த பேண்ட் பட்ட கஷ்டம் அப்படி. போனாரு, எழுதி வச்சிருந்தத கொஞ்சம் படிச்சாரு, அப்புறம் பேண்ட் ப்ராக்டிஸ் நடக்குற இடத்துல நடந்த ஒரு சம்பவத்த அப்படியே சொன்னாரு, அவங்க கிட்டாரிஸ்ட் கிரெக் கின் மேல ஒருத்தன் கார ஏத்தப் பாத்த கதை. அவங்களுக்கு அது தினப்படி நடக்குற தொல்லை மாதிரி. ஆனா கேட்டுட்டு இருந்த கூட்டம் வாயப் பொளந்து உக்காந்திருச்சு. எப்ப திரும்ப வருவேன்னு கேட்டாங்களாம். அப்பதான் அவருக்கே புரிஞ்சிருக்கு, நம்ம வாழ்க்கைய அப்படியே சொன்னாலே ஜனங்க கேப்பாங்கன்னு.

இன்னொண்ணு, அந்த ஐஸ்கிரீம் கடைக் கதைக்கு முன்கதை ஒண்ணு இருக்கு. 1981ல பிளாக் ஃப்ளாக் நியூயார்க்ல வாசிக்கிறாங்கன்னு வாஷிங்டன்ல இருந்து கார ஓட்டிட்டுப் போயிருக்காரு. விடிஞ்சா கடை திறக்கணும், திரும்ப அவ்ளோ தூரம் ஓட்டணும். கிளம்புற முன்னாடி, வேலைக்குப் போறதப் பத்தி அவங்களுக்கு ஒரு பாட்டு உண்டு, அத வாசிங்கன்னு கேட்டாரு, அவங்க ஆரம்பிச்சதும் இவரே மேடையேறி பாடிட்டாரு. டெஸ் கடீனாதான் அப்ப பாடகர், அவருக்கு பாட்ட விட்டுட்டு கிட்டார் பக்கம் போகணும்னு ஆசை. அதான் போன் வந்துச்சு. அன்னிக்கு கடை சாவி கையில இல்லாம இருந்திருந்தா அந்தப் பாட்ட கேட்டிருக்கவே மாட்டாரு, நமக்கு இந்த ராலின்ஸ் கிடைச்சிருக்க மாட்டாரு.

உங்க முதல் கேள்விக்கு வரேன், காமெடியன்னு அவரே தன்ன சொல்லிக்க மாட்டாரு, டாக்கிங் ஷோன்னுதான் சொல்லுவாரு, பேசுற நிகழ்ச்சி, அவ்ளோதான். எழுதி வச்ச ஜோக்க ஒப்பிக்கிறது இல்ல, கையில பேப்பர் கிடையாது, நடந்தத நடந்த மாதிரி சொல்றது. சிரிப்பு எங்க இருந்து வருதுன்னா என் அபிப்பிராயம் இது: பாக்க முரட்டு ஆளு, கழுத்து தொடை கனம், ஆனா அவரு சொல்ற எந்தக் கதையிலயும் அவரு ஜெயிக்கவே மாட்டாரு. ஏர்போர்ட் கவுண்டர் பொண்ணுகிட்ட தோப்பாரு, பக்கத்து சீட்டு கிழவிகிட்ட தோப்பாரு, சூப்பர்மார்க்கெட்ல தோப்பாரு. கோவம் வரும், அந்தக் கோவத்த நமக்கு படம் புடிச்ச மாதிரி காட்டுவாரு, அப்புறம் அந்தக் கோவத்தால ஒண்ணும் ஆகலன்றதயும் காட்டுவாரு. நம்ம எல்லாருக்கும் தினம் நடக்குறதுதான் அது.

எதுல ஆரம்பிக்கணும்னா, என் ஓட்டு தி பாக்ஸ்ட் லைஃப், 1993ல வந்த ரெட்டை ஆல்பம். அதுல ஏர்போர்ட் ஹெல்னு முதல்ல வரும், பிளைட் லேட்டாகி ஏர்போர்ட்ல மாட்டுற அவஸ்தைய எத்தன விதமா சொல்லலாம்னு அங்க பாக்கலாம்.

யாழ்_மெல்பேர்ன்:

கேசட்காலம் அண்ணை எழுதினது அருமை. நான் மெல்பேர்ன்ல இருக்கிறன், இந்த மனுசன் அவுஸ்திரேலியாவுக்கு திரும்பத் திரும்ப வாற ஆள், நான் ரெண்டு தரம் நேரில பாத்தனான், அதைப் பற்றி எழுதாமல் இருக்க ஏலாது.

முதல் தரம் போனது தற்செயல். என்னோட வேலை செய்யிற ஒருத்தன், டிக்கெட் ஒண்டு மிஞ்சிப்போச்சு வாறியோ எண்டு கேட்டவன், எனக்கு இவர் ஆரெண்டே தெரியாது, ரொக் பாடகர் எண்டவன், சரி பாட்டுக் கச்சேரி எண்டு நினைச்சுத்தான் போனனான். மேடையில பாத்தா ட்ரம்ஸ் இல்ல, அம்ப் இல்ல, கதிரை கூட இல்ல. ஒரு மைக். லைட் மங்கினதும் ஆள் விறுவிறெண்டு நடந்து வந்து மைக்கை எடுத்து, வயரை வலது கையில சுத்திக்கொண்டு, பொக்சிங் காரர் கையில துணி சுத்துவினமே அதே மாதிரி இறுக்கி, ஒரு காலை முன்னுக்கு ஊண்டி நிண்டார். பாட்டுப் பாடேக்க எப்பிடி நிப்பாரோ அதே நிலை. நிண்ட உடன கதை தொடங்கிட்டுது.

ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல. நான் மணிக்கூட்டைப் பாக்கவே இல்ல. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கேல்ல, இடைவேளை எண்டு ஒண்டும் இல்ல, நிண்ட இடத்தை விட்டு ரெண்டு அடிக்கு மேல நகரேல்ல. நான் ரெண்டாவது வரிசையில இருந்தனான், வேர்வை கன்னத்தால வடிஞ்சு நாடியில நிக்குது, துடைக்கிறாரில்ல. சனம் சிரிக்கேக்க அவர் சிரிக்கிறேல்ல, சிரிப்பு அடங்கும் வரைக்கும் கூட நிக்கிறேல்ல, அதுக்கு மேலால கதைச்சுக்கொண்டே போறார், அதால நாங்கள் சிரிச்சா அடுத்த வரி கேக்காது எண்டு சிரிப்பை அடக்கி அடக்கி, அது இன்னும் கூடிப்போகுது. எனக்குப் பக்கத்தில ஒரு வயசான அம்மா, வெள்ளைத் தலை, மகனோட வந்தவா போல, கைக்குட்டையால வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா.

இஞ்சத்தைய சனத்துக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கதை இருக்கு. 2006ல ஓக்லாண்டில இருந்து பிரிஸ்பேன் வாற பிளைட்டில இவர் அகமட் ரஷீத் எழுதின புத்தகம் ஒண்டு வாசிச்சுக்கொண்டு வந்திருக்கிறார், மத்திய ஆசியாவில நடக்கிற ஜிகாத் இயக்கங்களைப் பற்றினது. ரஷீத் பாகிஸ்தான் பத்திரிகையாளர், பேர்பெற்ற எழுத்தாளர், கடையில ஆரும் வாங்கிற புத்தகம். பக்கத்தில இருந்த ஆள் அட்டையைப் பாத்திட்டு, இறங்கினதும் பயங்கரவாதத்தைப் பற்றி முறையிடுற அரசாங்க நம்பருக்கு அடிச்சு இவரைக் குடுத்திட்டுது. அந்த வேலையில இருக்கிற ஒருத்தர்தான் இவருக்கே எழுதி அறிவிச்சவராம், உங்கட பேர் எங்களுக்கு வந்திருக்கு எண்டு. வேறை ஆராவது எண்டால் வழக்குப் போட்டிருப்பினம், இல்லாட்டி பயந்து பேசாமல் இருந்திருப்பினம். இவர் அதை மேடைக்குக் கொண்டு வந்தார். புத்தகம் வாசிக்கிறது எப்ப இருந்து குற்றமாச்சு எண்டு அவருக்கு உண்மையா நோகுது, அந்த நோவு உங்களுக்கு விளங்கும், ஆனால் நீங்கள் சிரிச்சுக்கொண்டுதான் இருப்பியள்.

எனக்கு இது இன்னும் ஆழமாப் பட்டதுக்கு காரணம் இருக்கு. என்ர கையில தமிழ்ப் புத்தகம் ஒண்டை வச்சிருந்ததுக்கு ஒரு செக் பொயிண்டில ரெண்டு மணித்தியாலம் நிண்டவன் நான், பதினாறு வயசில. அதைப் பற்றி நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. அண்டைக்கு இரவு வீட்ட வந்து மனுசிக்குச் சொன்னனான்.

நித்யா_வாசிக்கிறேன்:

யாழ் அண்ணா, படிச்சு முடிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் தோணல. நீங்க சொன்னதுக்கு நன்றி.

எனக்கு ராலின்ஸ் பிடிச்சது கதை சொல்ற விதத்துக்காக. நான் ஸ்கூல்ல பாடம் எடுக்குறவ, நாப்பது பசங்கள நாப்பது நிமிஷம் புடிச்சு வைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். இவரு ஒரு கதைய ஆரம்பிப்பாரு, நடுவுல வேற ஒரு ஆளு வருவாரு, அந்த ஆளோட கதைக்குள்ள போயிருவாரு, அதுக்குள்ள இன்னொரு ஊரு, இன்னொரு பஸ், நம்ம முதல் கதைய மறந்தே போயிருப்போம், அரை மணி நேரம் கழிச்சு டக்குனு விட்ட இடத்துல வந்து நிப்பாரு, அப்ப நமக்கே ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, தொலைஞ்ச சாவி கிடைச்ச மாதிரி. கையில ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது.

ஆரம்பிக்கிறதுக்கு நான் சொல்றது வில்லியம் ஷாட்னர் கதைகள். ஸ்டார் ட்ரெக்ல கேப்டன் கிர்க்கா வந்தாரே அவரேதான். 2004ல ஷாட்னர் ஹேஸ் பீன்னு ஒரு ஆல்பம் போட்டாரு, பென் ஃபோல்ட்ஸ் தயாரிச்சது, அதுல ஒரு பாட்டுல ஷாட்னரும் ராலின்ஸும் மாத்தி மாத்தி தங்களுக்கு எதெல்லாம் ஆகாதுன்னு கத்துவாங்க, பின்னாடி ஏட்ரியன் பிலூ கிட்டார். இந்த ரெக்கார்டிங்கே ஒரு கதை, அதுக்கப்புறம் ஷாட்னர் இவர தன் வீட்டுக்கு திங்கக்கிழமை ராத்திரி டிவில ஃபுட்பால் மேட்ச் பாக்க கூப்பிட ஆரம்பிக்கிறது அடுத்த கதை. சின்ன வயசுல டிவில பாத்த கேப்டன் வீட்டு சோஃபாவுல போயி உக்காந்திருக்கோமேன்னு இவருக்கு நம்ப முடியல. ஷாட்னர் குரல்ல அவரு பேசுற அழகு இருக்கே, அந்த நிறுத்தி நிறுத்தி பேசுறது, கண்ண மூடிட்டு கேட்டா ரெண்டு பேரு மேடையில இருக்காங்கன்னே தோணும். ஆனா கேலி பண்ற மாதிரி ஒரு இடத்துல கூட இருக்காது. பிடிச்ச மனுஷர நடிச்சுக் காட்டுறது அது.

ஒண்ணு சொல்லணும், எல்லாத்தையும் தலையில தூக்கி வச்சு ஆட என்னால முடியாது. எண்பதுகள்ல வந்த ஆல்பங்கள், ஷார்ட் வாக் ஆன் எ லாங் பியர், பிக் அக்லி மவுத் எல்லாம் நான் கேட்டேன். ரொம்ப கரடுமுரடா இருக்கும், பொண்ணுங்கள பத்தி பேசுற சில இடம் எனக்கு நெருடுச்சு, ஆஃப் பண்ணிட்டேன். இருபத்தஞ்சு வயசுப் பையன், உலகத்து மேல கோவம், தனிமை, அது புரியுது, ஆனாலும் நெருடுச்சு. அதே மனுஷன் நாப்பது தாண்டி பேசும்போது எவ்ளோ கனிஞ்சிருக்காருன்னு பாக்கத்தான் அதையும் கேக்கலாம். அதனால தம்பி, முதல்ல 2000க்கு அப்புறம் வந்தத கேளுங்க, டாக் இஸ் சீப் வரிசை, ப்ரொவோக்ட், அப்புறம் அவரு ஐம்பது வயசானதுக்கு பண்ண நிகழ்ச்சி, அதோட பேரே 50தான். முடிஞ்சா 2018ல வந்த கீப் டாக்கிங், பால். வேகமா பேசுறாரு, முதல்ல பாதி எனக்குப் புரியல, சப்டைட்டில் போட்டு பாத்தேன், ரெண்டு மூணு கேட்டதும் காது பழகிருச்சு.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. ராக் ஸ்டார்னா நமக்கு என்ன நினைப்பு, குடி, போதை, ரூம உடைக்கிறது. இவரு குடிக்க மாட்டாரு, போதை கிடையாது, கல்யாணம் குழந்தை எதுவும் இல்ல. அதனால டூர் கதைன்னா காபி கடை தேடி நடக்குறது, துணி துவைக்க இடம் தேடுறது, ஊரு பேரு தெரியாத ஸ்டேஷன்ல ராத்திரி தனியா உக்காந்திருக்கிறது, இதான் வரும். அந்தத் தனிமையிலதான் அவருக்கு எல்லாம் கண்ணுல படுது போல. நம்ம போபாலுக்கு கூட வந்திருக்காரு, விஷவாயு நடந்த இடத்தப் பாக்க. ஆக்குபண்ட்ஸ்னு 2011ல வந்த போட்டோ புத்தகத்துல அங்க எடுத்த படமும் இருக்கு. இந்தியா வர்ற வெளிநாட்டு பாடகருங்க எத்தன பேரு போபால் போறாங்க?

பங்க்பாண்டி:

எல்லாரும் ராலின்ஸ்னே பேசுறீங்க, ஜெல்லோ பியாஃப்ராவ விட்டுட்டீங்களே. டெட் கென்னடிஸ்னு இன்னொரு பங்க் பேண்டோட பாடகர். அவரோட பேச்சு ஆல்பம் நோ மோர் கக்கூன்ஸ் 1987ல வந்துச்சு, அதே வருஷம் அந்த பேண்ட் ஆல்பத்தோட வச்ச ஒரு போஸ்டருக்காக அவரு மேல கேஸு நடந்துச்சு, ஜூரிகளுக்குள்ள ஒத்துப்போகாம கேஸு நிக்கல. அதையே அடுத்த ஆல்பத்துல கதையா சொன்னாரு. அரசியல் நையாண்டில அவர அடிச்சுக்க ஆளில்ல. 1979ல சான் பிரான்சிஸ்கோ மேயர் தேர்தல்ல நின்ன மனுஷன். ராலின்ஸ் நல்லாதான் பேசுறாரு ஆனா எல்லாமே நான் நான்னு தன் கதையாவே இருக்கே.

கேசட்காலம்:

பாண்டி, பியாஃப்ரா மேல எனக்கும் மரியாதை உண்டு, ஆனா அவரு பேசுறது வக்கீல் வாதம் மாதிரி, பேப்பர் கட்டிங், ஆதாரம், பேரு, எல்லாம் அடுக்குவாரு, கேட்டா கோவம் வரும், சிரிப்பும் வரும், எழுந்து ஏதாவது செய்யணும்னு தோணும். ராலின்ஸ் நான் நான்னு சொல்றாருன்றது சரிதான், ஆனா அந்த நான்ன்றது எப்பவும் அடி வாங்குற நான். நீங்க கெட் இன் தி வேன் கேட்டுப் பாருங்க. பிளாக் ஃப்ளாக்ல 81ல இருந்து 86 வரைக்கும் சுத்துனப்ப எழுதுன டைரி, அவரே படிச்சு 1995ல பேச்சு ஆல்பத்துக்கான கிராமி வாங்குனாரு. அதுல சிரிப்பு ரொம்ப கம்மி. பசி, வேன்ல தூக்கம், போலீஸ் தொல்லை, மேடையில நிக்கும்போதே கூட்டத்துல இருக்கிறவன் துப்புறது, சிகரெட்டால சுடுறது. அதே வருஷங்கள அப்புறம் மேடையில சொல்லும்போது ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டப்பதான் எனக்கு இந்த மனுஷன் மேல இருந்த பிரியம் பல மடங்காச்சு. பட்டது அவ்ளோ வலி, அத நம்மகிட்ட குடுக்கும்போது வலிய தான் வச்சுகிட்டு சிரிப்ப மட்டும் குடுக்குறாரு.

91 டிசம்பர்ல அவரோட உயிர் நண்பன் ஜோ கோல் அவரும் கூட இருந்தப்ப நடந்த கொள்ளையில சுட்டுக் கொல்லப்பட்டாரு, லாஸ் ஏஞ்சலஸ்ல, அவங்க வீட்டு வாசல்லயே. பாக்ஸ்ட் லைஃப் அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கூட ஆகாம வந்த ஆல்பம். இது தெரிஞ்சு கேக்கும்போது வேற மாதிரி இருக்கும் தம்பி.

யாழ்_மெல்பேர்ன்:

ஓம், அதுதான். பாண்டி சொன்ன நான் நான் எண்டதுக்கு இன்னொண்டு. ஈராக் போருக்கு எதிராக் கதைச்ச ஆள், ஆனால் போரில நிண்ட படையினரைப் பாக்க ஈராக், ஆப்கானிஸ்தான் எல்லாம் போனவர். வாஷிங்டன்ல வால்டர் ரீட் ஆஸ்பத்திரியில கை கால் போன பெடியளோட இருந்து கதைச்சவர். அந்தக் கதையைச் சொல்லேக்க முதல் பாதி சிரிப்பு, தான் என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல் வாசல்ல தடுமாறினதைச் சொல்லுவார். பிறகு குரல் மெல்ல இறங்கும். அங்க ஒருத்தரும் சிரிக்க மாட்டினம், இருமல் கூட கேக்காது. திரும்ப சிரிப்புக்கு எப்பிடி வாறார் எண்டதை நான் எத்தினை தரம் பாத்தும் பிடிக்க முடியேல்ல.

பங்க்பாண்டி:

சரி, பாக்ஸ்ட் லைஃப் நான் முழுசா கேட்டதில்ல, துண்டு துண்டா வீடியோ பாத்துட்டுதான் சொன்னேன். இன்னிக்கு ராத்திரி கேக்குறேன். ஆனா தம்பி நீங்க பியாஃப்ராவையும் ஒரு தடவ கேளுங்க, விட்டுறாதீங்க.

நித்யா_வாசிக்கிறேன்:

புத்தகம் படிக்கிறவங்களுக்கு: இவரே சொந்தமா ஒரு பதிப்பகம் வச்சிருக்காரு, 2.13.61னு பேரு, அவரு பிறந்த தேதிதான், 1961 பிப்ரவரி 13, அமெரிக்காக்காரங்க மாசத்த முன்னாடி போடுறதால அப்படி. மத்தவங்க எழுத்தையும் அதுல போட்டிருக்காரு. பிறந்தப்ப வச்ச பேரு ஹென்றி கார்ஃபீல்ட். சின்ன வயசுல இருந்து அவருக்கு கூட்டாளி இயன் மெக்காய், மைனர் த்ரெட், ஃபுகாசின்னு பேண்டெல்லாம் பண்ணவரு, அவரும் அதே ஐஸ்கிரீம் கடையில வேலை பாத்தவருதான்! ரெண்டு பேரும் ஏப்ரன் மாட்டிகிட்டு கோன்ல ஐஸ்கிரீம் வச்சுக் குடுக்குறத நினைச்சுப் பாருங்க. இன்னும் நல்ல நண்பர்களா இருக்காங்க. மெக்காய் வர்ற கதை எதுவா இருந்தாலும் எனக்கு தனிப் பிரியம், ராலின்ஸ் குரல் அப்ப பதினஞ்சு வயசுப் பையன் குரல் ஆயிரும்.

ராத்திரிஷிஃப்ட்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி முழுக்க இதான் வேலை. கேசட் அண்ணா சொன்ன மாதிரி பாக்ஸ்ட் லைஃப் ஏர்போர்ட் ஹெல் கேட்டேன், அப்புறம் நித்யா அக்கா சொன்ன ஷாட்னர் கதை. காலையில கேப்ல வீட்டுக்கு வரும்போது கெட் இன் தி வேன் போட்டேன். மதுரவாயல் தாண்டி டிராபிக், எல்லாரும் தூங்குறாங்க, நான் மட்டும் முழிச்சிருக்கேன், அவரு பசியோட வேன்ல படுத்திருக்கிறத அந்தக் குரல்ல படிக்கிறாரு. ஒரு இடத்துலயும் தன்ன பாவம்னு சொல்லிக்கல. நான் ரெண்டு வருஷமா இந்த ஷிஃப்ட்ட நினைச்சு நொந்துட்டு இருக்கேன், பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சு, பேச ஆளில்லாம. நேத்து மொத தடவ அது கனமா தெரியல.

யாழ் அண்ணா, நீங்க சொன்ன அந்த மைக் வயர் விஷயத்த கவனிச்சுப் பாத்தேன். ரெண்டு மணி நேரம் அந்தக் கைய பிரிக்கவே மாட்டேங்கிறாரு, பேச்சுல எங்க கோவம் வருதோ அங்க வயரு இன்னும் இறுகுது, சிரிப்பு வர்ற இடத்துல விரலு கொஞ்சம் லூசாகுது. எப்ப சிரிப்பு வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க இப்ப நான் அந்தக் கையதான் பாக்குறேன்.

ஒரு சின்ன கேள்வி, பேசி முடிச்சதும் என்ன பண்ணுவாரு? வீடியோல எல்லாம் கட் ஆயிடுது.

யாழ்_மெல்பேர்ன்:

நான் பாத்த ரெண்டு தரமும், கடைசிக் கதை முடிய நன்றி எண்டு சொல்லி, கையில சுத்தின வயரை ஒரு சுத்து ஒரு சுத்தாக் கழட்டி, மைக்கை ஸ்டாண்டில வச்சிட்டு, தலையைக் குனிஞ்சு கும்பிடுற மாதிரி ஒரு வணக்கம், வந்த மாதிரியே விறுவிறெண்டு உள்ளுக்குப் போயிட்டார். சனம் எழும்பி நிண்டு கை தட்டிக்கொண்டே நிண்டது, எனக்குப் பக்கத்தில இருந்த அந்த அம்மாவும்தான்.